லெண்டா, பாரோவா? ஆங்கிலச் சொற்குழப்பம் தீர டெல்டாக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

மன்னார்குடியில் டைப்பிங் கடை வைத்திருந்த காலத்தில் ஒரு பெரியவர் வந்தார். வடுவூர்ப் பக்கம் உள்ளே தள்ளி ஒரு கிராமம். "தம்பி, பேங்க்ல நாப்பதாயிரம் கடன் வாங்கியிருக்கேன். கட்டுறதுக்கு மூணு மாசம் தவணை வேணும்னு இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் அடிச்சுக் குடுங்க" என்றார். அடித்துக் கொடுத்தேன். மறுநாள் அதே கடிதத்தோடு திரும்பி வந்தார். "நீங்க எங்களுக்குக் கடன் குடுத்ததா எழுதியிருக்கே, பெரியவரே, மாத்தி எழுதிட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க தம்பி." பாரோ என்று வரவேண்டிய இடத்தில் லெண்ட் என்று அடித்திருந்தேன். அன்றைக்கு அவர் வயலுக்கு முறைத் தண்ணீர். மடையைப் பக்கத்து வயல்காரரிடம் ஒப்படைத்துவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். என் ஒரு சொல்லுக்காக அவர் ஒரு நாளை இழந்தார். அந்தக் கடிதத்தைத் திருத்தித் தந்தபோது காசு வாங்க எனக்குக் கை வரவில்லை.

அன்றிலிருந்து எந்தக் கடிதம் எழுதினாலும் அதற்கு ஒரு வழிமுறை வைத்திருக்கிறேன். முதல் வேலைக்குப் போகிற பிள்ளைகள், சிங்கப்பூர், துபாய் கம்பெனிகளுக்கு மெயில் அனுப்புகிறவர்கள், கோயிலில் வெளிநாட்டுக்காரருக்கு வழிகாட்டுகிறவர்கள் என்று பலருக்கும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இங்கே ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். எழுத்துக்கூட்டல் முக்கியமாகிற இடத்தில் எந்த எழுத்து என்று சொல்லிவிடுகிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குழப்புகிற சொற்களை அதில் தனிச் சொல்லாக எழுதாதீர்கள். உங்கள் வீட்டில், வயலில், ஆபீஸில் நிஜமாகச் சொல்கிற முழு வாக்கியமாக எழுதுங்கள்.

முதல் படி: தமிழ் வாக்கியத்தின் வாலைப் பிடியுங்கள்

ஆங்கிலத்தில் தடுமாறுகிற பாதி இடங்களில் தமிழில் நமக்குக் குழப்பமே இல்லை. "கடன்" என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்துக்குத் தாவுவதால்தான் வழுக்குகிறது. அதற்குப் பின்னால் வருகிற வாலைப் பாருங்கள். கடன் கொடு என்றால் லெண்ட். கடன் வாங்கு என்றால் பாரோ. பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதை வால் சொல்லிவிடுகிறது. பாரோவுக்குப் பின் "ஃப்ரம்" வரும், லெண்டுக்குப் பின் "டு" வரும். "ஐ பாரோட் ஃபார்ட்டி தவுசண்ட் ருபீஸ் ஃப்ரம் யுவர் பிராஞ்ச்" என்று நான் அன்று எழுதியிருக்க வேண்டும்.

இதே சாவி வேறு பூட்டுகளையும் திறக்கும். கற்றுக்கொடு என்றால் டீச், கற்றுக்கொள் என்றால் லேர்ன். "அண்ணன் எனக்கு டிராக்டர் ஓட்ட லேர்ன் பண்ணினார்" என்பது தவறு. அவர் டீச் செய்தார், நீங்கள் லேர்ன் செய்தீர்கள். ஞாபகம் இருக்கு என்றால் ரிமெம்பர், ஞாபகப்படுத்து என்றால் ரிமைண்ட். "ப்ளீஸ் ரிமெம்பர் மி டுமாரோ" என்று மேனேஜருக்கு மெசேஜ் போட்டால், என்னை நாளைக்கு நினைத்துக்கொள்ளுங்கள் என்று வேண்டுவதாக ஆகும். நீங்கள் கேட்க நினைத்தது ரிமைண்ட்.

வாடகையும் குத்தகையும் கொஞ்சம் சிக்கலானவை. ஆங்கிலத்தில் ரெண்ட் என்ற சொல் கொடுப்பவருக்கும் பொருந்தும், எடுப்பவருக்கும் பொருந்தும். ஆகவே வாடகைக்கு விடுகிறீர்கள் என்றால் "ரெண்ட் அவுட்" என்று அவுட் சேர்த்துவிடுங்கள், சந்தேகமே வராது. நிலம் குத்தகைக்கு விட்டால் "லீஸ் அவுட்". எடுத்தால் "டேக் ஆன் லீஸ்". டிராக்டர், அறுவடை மெஷின், பாத்திரம், பந்தல் போன்றவற்றை எடுக்கும்போது ஹையர் என்பது நன்றாகப் பொருந்தும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் வீட்டை லீஸுக்கு விட்டேன் என்றால் ஒத்தி என்றுதான் அர்த்தம்: மொத்தமாக ஒரு தொகை, மாத வாடகை கிடையாது, காலி பண்ணும்போது தொகை திரும்பும். வெளிநாட்டில் லீஸ் என்றால் வாடகை ஒப்பந்தம்தான், மாதாமாதம் கட்ட வேண்டும். போகிற இடத்தில் வீடு பார்க்கும் பிள்ளைகள் இதை முதலிலேயே கேட்டுத் தெளிவாகிக்கொள்ளட்டும்.

காலத்தைச் சொல்லும் இடத்திலும் வாலே வழி காட்டும். "2019லேர்ந்து இந்தக் கம்பெனியில இருக்கேன்": லேர்ந்து வந்தால் சின்ஸ். "ஆறு வருஷமா இருக்கேன்": ஆ வந்தால் ஃபார். தொடங்கிய புள்ளிக்கு சின்ஸ், கடந்த நீளத்துக்கு ஃபார். "சின்ஸ் சிக்ஸ் இயர்ஸ்" என்று நம்மில் பலர் வாய் தவறாமல் சொல்கிறோம். தமிழில் "ஆறு வருஷத்திலிருந்து" என்று சொல்லிப் பார்த்தால் உங்கள் காதே அது இடறுவதைச் சொல்லும். இரண்டிலும் "ஐ ஆம் வொர்க்கிங்" வேண்டாம், "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்" என்று எழுதுங்கள்.

அடுத்து வரை, உள். "அஞ்சு மணி வரை ஆபீஸ் திறந்திருக்கும்" என்றால் டில். "அஞ்சு மணிக்குள்ள முடிச்சிடுறேன்" என்றால் பை (பி, ஒய் என்று எழுதுவது). இதில் தவறினால் வேலைக்கே ஆபத்து. "சப்மிட் பை ஃப்ரைடே" என்று மேலதிகாரி எழுதினால் வெள்ளிக்கிழமைக்குள் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். "ஐ வில் ஃபினிஷ் டில் ஃப்ரைடே" என்று பதில் போட்டால் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றே அவருக்குப் பிடிபடாது. "உள்" வருகிற இடத்தில் மட்டும் இன்னொரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: உள்ளுக்கு முன்னால் இருப்பது ஒரு நாளா, நாட்களின் கணக்கா? வெள்ளிக்குள் என்றால் பை. மூணு நாளுக்குள் என்றால் வித்தின். "இன் த்ரீ டேஸ்" என்று எழுதினால் மூன்று நாள் கழித்து என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டாம் படி: தமிழில் ஒரே சொல், ஆங்கிலத்தில் மூன்று

இங்கே வால் உதவாது. தமிழுக்குள்ளேயே இன்னொரு சொல்லைத் தேட வேண்டும்.

கேள் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். திருவையாற்றில் ஆராதனை நடக்கிறது. பந்தலில் உட்கார்ந்து மனம் வைத்துப் பாட்டுக் கேட்டால் லிசன். பஸ்ஸில் போகும்போது காற்றில் வந்து காதில் விழுந்தால் ஹியர். பக்கத்தில் இருப்பவரிடம் "இது என்ன ராகம்?" என்று கேட்டால் ஆஸ்க். "காதில் விழுந்தது" என்று மாற்றிச் சொல்ல முடிந்தால் ஹியர். "காது கொடுத்து" என்று சேர்க்க முடிந்தால் லிசன். கேள்விக்குறி போட முடிந்தால் ஆஸ்க். லிசனுக்குப் பின் "டு" வரவேண்டும், ஆஸ்க்குக்குப் பின் வரக்கூடாது. "ஐ ஆஸ்க்ட் டு ஹிம்" என்பது "அவரிடம்" என்ற தமிழ் வேற்றுமையை அப்படியே இறக்கியது. "ஐ ஆஸ்க்ட் ஹிம்" போதும்.

பார் என்பதும் அப்படியே. திருவாரூர் ஆழித்தேர் பஸ் ஜன்னலிலிருந்து கண்ணில் பட்டதாகச் சொன்னால் ஸீ. தேரின் மரச் சிற்பத்தை நின்று உற்றுப் பார்த்தால் லுக் அட். வடம் பிடித்து வீதியில் திரும்புவதைக் கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தால் வாட்ச். அசைகிற, நடந்துகொண்டிருக்கிற ஒன்றுக்கு வாட்ச் என்று வைத்துக்கொண்டால் டிவி, கிரிக்கெட், மடையில் போகிற தண்ணீர் எல்லாம் அதில் அடங்கும். "சாவியைப் பார்" என்று தேடச் சொன்னால் லுக் ஃபார். "குழந்தையைப் பாத்துக்க" என்றால் லுக் ஆஃப்டர். "வேலை பாக்குறேன்" என்பதில் பார்வையே இல்லை, அது வொர்க்.

தெரியும் என்ற சொல்லை நாம் எவ்வளவு வேலைக்கு விடுகிறோம் என்று யோசித்தால் வியப்பாக இருக்கும். "இங்கேருந்து பெரிய கோயில் விமானம் தெரியுது" என்றால் கேன் ஸீ. "அவரைத் தெரியும்" என்றால் நோ (கே என்ற எழுத்தில் தொடங்குவது). "லாரி ஓட்டத் தெரியும்" என்றால் "ஐ கேன் டிரைவ்" அல்லது "ஐ நோ ஹவ் டு டிரைவ்". மூன்றுக்கும் "நோ" போட்டு ஒப்பேற்றுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

வாங்கு என்ற சொல்லில்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும். கடையில் உரம் வாங்கினேன் என்றால் பை (இது பி, யு, ஒய்). எண்பது மார்க் வாங்கினேன் என்றால் கெட் அல்லது ஸ்கோர். ஆபீஸில் சர்டிஃபிகேட் வாங்கினேன் என்றால் கெட் அல்லது ஒப்டெய்ன். வேலைக்கான நேர்காணலில் "ஐ பாட் மை டிகிரி இன் டூ தவுசண்ட் ட்வென்ட்டி" என்று சொன்ன ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். நன்றாகப் படித்துத் தேறியவன். எதிரே இருந்தவர்களுக்கு அவன் பட்டத்தைக் காசு கொடுத்து வாங்கியதாகத்தான் காதில் விழுந்திருக்கும். நோட்டில் இதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். காசு கைமாறியதா என்று கேட்டு, ஆம் என்றால் மட்டும் பை.

சொல் என்பதற்கு ஸே, டெல் இரண்டும் உண்டு. யாரிடம் என்பது வாக்கியத்தில் இருந்தால் டெல், இல்லாவிட்டால் ஸே. அவ்வளவுதான்.

மூன்றாம் படி: "ஆமா, இல்லை" என்ற பதில்

இது சொல் குழப்பம் மாதிரித் தெரியாது, ஆனால் போனில் பேசுகிறவர்களை அதிகம் மாட்டிவிடுவது இதுதான். நம்மிடம் "ரசீது இல்லையா?" என்று கேட்டால், இல்லாதபோது "ஆமாங்க, இல்லை" என்கிறோம். கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்பதைப் பார்ப்பதில்லை. பொருள் இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் பார்க்கிறார்கள். இருந்தால் யெஸ், இல்லாவிட்டால் நோ. "யு டோண்ட் ஹேவ் எ ரெசீப்ட்?" என்று கேட்கும்போது "யெஸ்" என்றால் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

என்னிடம் படித்த ஒரு பெண் கடை ஓரத்தில் நின்று போன் இன்டர்வியூ பேசிக்கொண்டிருந்தாள். "யு டோண்ட் ஹேவ் எனி எக்ஸ்பீரியன்ஸ்?" என்று கேட்டார்கள். "யெஸ் சார்." எதிர்முனையில் ஒரு நிமிடம் பேச்சே இல்லை. பிறகு "ஹவ் மெனி இயர்ஸ்?" என்று வந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், முகம் வெளிறிவிட்டது. அன்று அவளுக்கு எழுதிக் கொடுத்ததையே உங்களுக்கும் சொல்கிறேன்: இல்லை என்று கேட்கிற கேள்விக்கு யெஸ், நோ மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். வாலைச் சேருங்கள். "நோ சார், ஐ டோண்ட்." "யெஸ் மேடம், ஐ டூ." முதல் சொல் தப்பினாலும் இரண்டாம் பாதி உங்களைக் காப்பாற்றிவிடும். தினமும் வீட்டில் ஒருவரை வைத்துப் பத்துக் கேள்வி கேட்கச் சொல்லிப் பழகுங்கள். "சாப்பிடலையா?", "பஸ் வரலையா?", "மழை இல்லையா?" எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் பதில். ஒரு வாரத்தில் வாய் பழகிவிடும்.

நான்காம் படி: வயலும் ஆறும்

நம் மண்ணைப் பற்றி எழுதும்போது நிலைமை தலைகீழாகும். நம்மிடம் சொல் அதிகம், ஆங்கிலத்தில் குறைவு. வயலில் நிற்பதும் களத்தில் குவிவதும் நெல், மில்லிலிருந்து வருவது அரிசி, இலையில் விழுவது சோறு. ஆங்கிலத்தில் மூன்றுக்குமே ரைஸ் என்று சொல்லிவிட முடியும். கொள்முதல் நிலையத்துக்கு எழுதும் மனுவில் ரைஸ் என்று எழுதாதீர்கள். அங்கே எடுப்பது நெல், அதற்குப் பேடி. மலாய் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. வெளிநாட்டுக்காரர் சிலருக்குப் பேடி என்றால் நெல் வயல்தான் நினைவுக்கு வரும், ஆகவே அவர்களிடம் வயலைச் சொல்ல "பேடி ஃபீல்ட்" என்று முழுசாகச் சொல்லுங்கள். சோற்றுக்கு "குக்ட் ரைஸ்".

பயிர் க்ராப், அறுவடை ஹார்வெஸ்ட், மகசூல் யீல்ட். "குட் ஹார்வெஸ்ட்" என்றால் நல்ல அறுவடை. ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்ற கணக்கு வந்தால் யீல்ட்.

அணை என்ற சொல்லில் ஒரு பெருமையும் ஒரு குழப்பமும் சேர்ந்தே இருக்கிறது. மேட்டூர் டேம். 1934இல் கட்டி முடித்தது, 120 அடி வரை தண்ணீரைத் தேக்கும், கொள்ளளவு 93.47 டிஎம்சி. தேக்கி வைப்பது டேம். தேங்கி நிற்கிற நீர்ப்பரப்பு ரிசர்வாயர். கல்லணை அப்படி மாதக்கணக்கில் தேக்குவதற்கானதல்ல. தண்ணீரை மட்டம் உயர்த்தித் திருப்பி விடுவது. அதற்கு ஆங்கிலத்தில் அனிகட் என்று பெயர், நம் அணைக்கட்டு என்ற சொல்லே ஆங்கில அகராதிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. கல்லணை கிராண்ட் அனிகட், முக்கொம்பு அப்பர் அனிகட், அணைக்கரை லோயர் அனிகட். பின்னது இரண்டும் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் காலத்தில், 1836ஐ ஒட்டி எழுந்தவை. வெளிநாட்டுப் பயணிக்கு அனிகட் புரியாவிட்டால் "வியர்" என்று சொன்னால் பிடித்துக்கொள்வார். கல்லணையை டேம் என்று சொல்லிக் கடந்துபோகிற வழிகாட்டிகளைப் பார்க்கிறேன். கரிகாலன் பேரோடு நாம் போற்றுகிற அந்த அணையின் வேலையை, தண்ணீரைப் பங்கிடுகிற அந்த நுட்பத்தை, ஒரு தவறான சொல் மறைத்துவிடுகிறது. எனக்கு அது பொறுப்பதில்லை.

துணையாறு, கிளையாறு என்ற இரண்டையும் பள்ளிக்கூடத்திலேயே மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். பவானி, நொய்யல், அமராவதி எல்லாம் காவிரியில் வந்து சேர்கின்றன: ட்ரிபியூட்டரி. வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் எல்லாம் காவிரியிலிருந்து பிரிகின்றன: டிஸ்ட்ரிபியூட்டரி. டிஸ்ட்ரிபியூட் என்றால் பங்கிடு. டெல்டாவில் இருக்கிற நமக்குத் தேவைப்படுவது அநேகமாக இரண்டாவது சொல்தான்.

பேப்பரில் வருகிற கனஅடிக் கணக்கையும் பிரித்து அறியுங்கள். டிஎம்சி என்பது இருப்பு. அணையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்வது. ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கனஅடி. க்யூசெக் என்பது ஓட்டம்; விநாடிக்கு எத்தனை கனஅடி போகிறது என்று சொல்வது. சுமார் 11,574 க்யூசெக் வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டிஎம்சி ஆகும். "மேட்டூரில் பத்தாயிரம் க்யூசெக் இருக்கிறது" என்று எழுதினால் அர்த்தமே இல்லை. வரத்துக்கு இன்ஃப்ளோ, திறப்புக்கு அவுட்ஃப்ளோ, இருப்புக்கு ஸ்டோரேஜ், நீர்மட்டத்துக்கு லெவல்.

வெள்ள நிவாரண மனு எழுதுகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள். ஆறு உடைத்துக்கொண்டு வயலுக்குள் வந்தால் ஃப்ளட். மழைத் தண்ணீர் வடியாமல் வயலில் தேங்கி நின்றால் வாட்டர்லாகிங். பயிர் தலை தெரியாமல் மூழ்கினால் சப்மெர்ஜ்ட். பார்வையிட வருகிறவர் கண்ணால் காண்பதும் நீங்கள் எழுதியிருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். சேதத்துக்கு டேமேஜ், ஒருமையில். கடைசியில் எஸ் சேர்த்து டேமேஜஸ் என்று எழுதினால் கோர்ட்டு வாங்கித் தருகிற இழப்பீடு என்ற வேறு பொருள் வந்துவிடும். அரசு தருகிற நிவாரணம் ரிலீஃப். இழந்ததற்கு ஈடு என்று கேட்பது காம்பென்சேஷன். பயிர்க் காப்பீட்டில் கேட்பது க்ளெய்ம். மூன்றும் வேறு வேறு. ஒன்றைக் கேட்க நினைத்து இன்னொன்றை எழுதினால் மனு எந்த மேஜைக்குப் போகும் என்பதே மாறிவிடும். காப்பீடு செய்வது இன்ஷூர், ஐயில் தொடங்கும். நடக்கும்படி பார்த்துக்கொள்வது என்ஷூர், இயில் தொடங்கும்.

கடைவீதியில் நிற்பவர்களுக்கு ஒன்று: சுவாமிமலைச் சிலைகள் ப்ரான்ஸ், நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ப்ராஸ். வெண்கலம் செம்பும் தகரமும் சேர்ந்தது, பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. மாற்றிச் சொன்னால் வாங்குபவர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்.

ஐந்தாம் படி: ஒலி ஒன்று, எழுத்து வேறு

இந்தப் பகுதிக்கு நான் தமிழ் முதலெழுத்தைப் பிடித்துக்கொள்வேன். ஸ்டேஷனரி என்று ஒரே மாதிரி ஒலிக்கிற இரண்டு சொற்கள். கடைசிப் பகுதியில் ஒன்றுக்கு ஏ, ஒன்றுக்கு இ. அசையாமல் நிற்பதற்கு ஏ, எழுதுபொருளுக்கு இ. அ என்றால் ஏ என்ற ஆங்கில எழுத்து, எ என்றால் இ என்ற ஆங்கில எழுத்து. ப்ரின்சிபலும் இப்படியே. கடனின் அசலுக்கும் கல்லூரி முதல்வருக்கும் ஏ, எல் என்று முடியும். கொள்கை என்ற பொருளில் எல், இ என்று முடியும். அசலுக்கு அ என்று நினைத்தால் மறக்காது. வங்கிக் கடிதத்தில் இது தினமும் வருகிற சொல்.

அஃபெக்ட், எஃபெக்ட் இரண்டும் பெரிய தொல்லை. 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. புயல் தென்னையை அடித்தது: அஃபெக்ட், ஏயில் தொடங்கும் வினைச்சொல். அதன்பின் எஞ்சி நின்றது, அதாவது அதன் விளைவு: எஃபெக்ட், இயில் தொடங்கும் பெயர்ச்சொல். அடிப்பது ஏ, எஞ்சுவது இ. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் முறிந்து கிடந்த தென்னந்தோப்புகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

தொலைப்பதும் தளர்வாக இருப்பதும் தமிழ் எழுத்தில் எழுதினால் ஒன்றுபோலவே லூஸ் என்று வரும். தொலைப்பதற்கு ஒரு ஓ, கடைசியில் தேனீ ரீங்காரம் போன்ற ஒலி. தொளதொள சட்டைக்கு இரண்டு ஓ, கடைசியில் பாம்புச் சீற்றம் போன்ற ஒலி. அட்வைஸிலும் இதே ஒலி வேறுபாடுதான்: அறிவுரை என்ற பெயர்ச்சொல்லுக்கு சி என்ற எழுத்து, சீறும், அறிவுரை சொல் என்ற வினைக்கு எஸ், ரீங்காரமிடும். அதற்குமேல் "அட்வைசஸ்" என்று பன்மை கிடையாது.

ஆறாம் படி: நம் ஆங்கிலம், வெளி ஆங்கிலம்

இந்தியாவில் நாம் பேசுகிற ஆங்கிலத்தைத் தவறு என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தஞ்சாவூரில் இருக்கிற அதிகாரிக்கு "அவுட் ஆஃப் ஸ்டேஷன்" என்று எழுதினால் அவருக்குப் புரியும், அது போதும். கடல் தாண்டிப் போகிற கடிதத்தில்தான் மாற்ற வேண்டும். "ஐ பாஸ்டு அவுட் இன் டூ தவுசண்ட் நைன்ட்டீன்" என்றால் அங்கே மயங்கி விழுந்ததாக நினைப்பார்கள். கிராஜுவேட்டட் என்று எழுதுங்கள். "ஐ ஹேவ் எ டவுட்" என்றால் உங்களை நம்பவில்லை என்று படலாம். கேட்க வேண்டியது இருந்தால் கொஸ்டின். பதில் அனுப்புகிறேன் என்பதற்கு ரிவர்ட் வேண்டாம், ரிப்ளை. சாங்ஷன் என்பதில் விசேஷக் கவனம் வேண்டும்: கடன் சாங்ஷன் ஆனது என்றால் நமக்கு மகிழ்ச்சி, ஒரு நாட்டின்மேல் சாங்ஷன்ஸ் என்றால் தடை. அதனால் வெளியே எழுதும்போது அப்ரூவ்ட்.

அளவுகளையும் மாற்றி எழுதுங்கள். மா என்றால் டெல்டாவுக்கு வெளியே தமிழ்நாட்டிலேயே பலருக்குத் தெரியாது. மூன்று மா ஏறத்தாழ ஒரு ஏக்கர். சென்ட் என்றால் வெளிநாட்டுக்காரருக்குச் சில்லறைக் காசு. நூறு சென்ட் ஒரு ஏக்கர், ஒரு ஹெக்டேர் என்பது சுமார் 2.47 ஏக்கர் என்று கணக்குப் போட்டு எழுதுங்கள். பத்து லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி பத்து மில்லியன்.

தேதியில் எழுத்தே இல்லாத ஒரு குழப்பம் இருக்கிறது. மேட்டூர் வழக்கமாகத் திறக்கிற நாளை நாம் 12/06 என்று எழுதினால் அமெரிக்காக்காரர் டிசம்பர் 6 என்று படிப்பார். மாதத்தை எப்போதும் எழுத்தில் எழுதுங்கள்: 12 ஜூன். விசா, டிக்கெட், வேலையில் சேரும் நாள் என்று எதிலுமே இதை மீற வேண்டாம்.

அனுப்புவதற்கு முன்

கடிதத்தை முடித்ததும் அனுப்பிவிடாதீர்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து, ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சத்தமாகச் சொல்லுங்கள். ஆங்கிலம் தெரியாத ஒருவரிடம் சொன்னால் இன்னும் நல்லது. அம்மாவோ, அப்பாயியோ, பக்கத்துக் கடை அண்ணனோ. வாக்கியத்தை அழகுபடுத்தாமல் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே சொல்ல வேண்டும். "உங்கள் வங்கிக்கு நான் நாற்பதாயிரம் கடன் கொடுத்தேன்" என்று வாயால் சொன்ன அடுத்த நொடியே அவர் "நீயா குடுத்த?" என்று கேட்பார். அந்த இடத்தில் பேனாவை எடுங்கள்.